காற்றுக்கு அசையும் பாறைகள்

மார்சிலிங் வட்டாரத்தில் குடியிருந்த சூசைநாதன் கப்பல் பட்டறையில் வெல்டர். அவர் பற்றவைத்த கப்பல்கள் ஒவ்வொன்றும் கடலோடு போய்விட்டன. ஒன்றைக்கூட மனைவி மதலேனா பார்த்ததில்லை.

"கப்பல் கப்பல்ங்கிறீங்க, யாரு கண்டா?" என்று அவள் காலை வாரும்போதெல்லாம் சிரித்து மழுப்புவார்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் பட்டறைக்கு ஒரு விசித்திரமான வேலை வந்தது. நகரில் எழும்பிய புதுக் கட்டடத்தின் கூடத்தில் தொங்கவிட மூன்று பாறைகள். பார்வைக்குத்தான் பாறை, உள்ளே வெறும் கூடு. அப்பளம் போன்ற அலுமினியத் தகடு. கனத்த இரும்பில் பழகிய கைக்கு அது சூட்டில் பொத்துப் பொத்துப் போயிற்று. சூசைநாதன் விடவில்லை. கருங்கல் நிறம் பூசி முடித்தபோது அவருக்கே அதைத் தூக்கத் தயக்கமாக இருந்தது. ஏர்கான் காற்று பட்டாலே மூன்றும் சுழலும்படி, தராசுபோல ஒன்றுக்கொன்று எடை சமமாகக் கம்பிகளில் நிறுத்தியிருந்தார்கள்.

திறப்பு நாள் காலை, விருந்தாளிகள் வருமுன் மதலேனாவை அழைத்துப் போனார். அவள் தேக்கா சந்தையில் வாங்கிய தடித்த ரோஜா மாலையோடு வந்தாள்.

"மாலையெல்லாம் வேணாம், புள்ள."

"நல்லா இருக்கே! இத்தாம் பெரிய பாறை ஒரு மாலையைத் தாங்காதா?"

அந்த நேரத்துப் பெருமை அவர் கண்ணை மறைத்தது. ஏணி வைத்து மாட்டினார். பாறை மெல்லச் சாய்ந்தது. மற்ற இரண்டும் எகிறின. சுழற்சி நின்றது.

"என்னண்ணே, கல்லுக்கு மயக்கமா லா?" என்றான் காவலாளி மாணிக்கம்.

வாசலில் கார்கள் வந்து நின்றன.

"நான் கெடுத்துட்டேனாங்க?" மதலேனாவின் குரல் இறங்கிவிட்டது.

சூசைநாதன் மாலையைக் கழற்றினார். தள்ளாடிய பாறையை விரல் நுனியால் பிடித்து, அடங்கியதும் விட்டார். அது அசையவில்லை. இறங்கி ஏணியை நகர்த்தி வைத்தார். பிறகு, சத்தமே இல்லாமல் அது நகர்ந்தது. தன்னை நோக்கி மிதந்து வந்த கருங்கல்லைக் கண்டதும் மதலேனா, "மாதாவே!" என்று தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். பாறை ஒரு மேகம்போல அவளுக்கு மேலே கடந்துபோனது.

அவள் எழுந்து வாய் திறந்தபடி நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கல்லு பறக்குதுங்க."

"தகடுதான்."

"தெரியும். ஆனாலும் கல்லுதான் பறக்குது."

உள்ளே வந்த சீனப் பெண்மணி ஒருத்தி பாறையைக் கண்டு பின்வாங்கினாள். மதலேனா அவள் கையைப் பற்றி, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னாள்: பயப்படாதே, இது என் புருஷன் செய்தது.