பழத்தோல் ஊறிய வாளி

எதிர்வீட்டு அக்காவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இதை இப்போது மழுப்பிச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த மறுநாள், விடிந்தும் விடியாததுமாகப் பின்பக்கக் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றாள். கையில் ஒரு குடம்.

“யம்மா, கழனித்தண்ணிய கீழ ஊத்திடாத. நம்ம மாட்டுக்கு எடுத்து வையி” என்றாள்.

நம்ம மாடாம். நான் அந்த மாட்டின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

ஆனாலும் எடுத்து வைத்தேன். தெரு வழக்கம் அப்படி. அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் ஒரு வாளியில் விழும். ஒரு வீட்டு வாளி ஒரு மாட்டுக்குத்தான். வேறு மாட்டுக்குக் கொடுப்பதென்றாலும், கொடுப்பதையே நிறுத்துவதென்றாலும், முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வாளி வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சியது. வெள்ளை, மூடி போட்டது, பின்பக்கக் குழாயடியில் இருக்கும். அவள் தினமும் காலையில் வந்து குடத்தில் ஊற்றிக்கொண்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். வாசலில் தெளிக்கச் சாணி கேட்டால் கொடுப்பாள். இதில் கேள்வி கிடையாது, கூலி கிடையாது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எனக்கும் சம்மதம்தான். அவளுக்கோ வாளியைப் பார்த்தால் எங்கள் வீட்டு வண்டவாளம் முழுவதும் தெரிந்துவிடும். “இன்னாம்மா, மூணு நாளா வெங்காயத் தோலே காணோம், அவரு ஊர்ல இல்லியா?” என்பாள். “ரெண்டு பேருக்கு இம்மாஞ்சோறு ஆக்குறியே, அளவு தெரியாதா ஒனக்கு?” என்பாள். என் மாமியார்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. ஒருநாள் பால் ஊற்றும் இடத்தில் நாலு பேரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது.

“அது வூட்ல ஏது சமையலு? எல்லாம் பாக்கெட்டுதான். வாளியில ஒரு தோலு வுழ மாட்டேங்குது.”

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகிறவள் மாவைப் பாக்கெட்டில் வாங்கினால் அது ஊர்க்குற்றமா?

நான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒருநாள் வீட்டுக் குப்பையைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள். குப்பையை வீட்டிலேயே மக்க வைப்பது, பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை, கடைக்குத் துணிப்பை, குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்புவது என்று எல்லாம் எளிய வழிகள். வந்த வேகத்தில் ஒன்றுவிடாமல் செய்தேன். பழைய புடவையைக் கிழித்துப் பை தைத்தேன். தண்ணீர் டிரம் ஒன்றில் ஓட்டை போட்டு, காய்ந்த இலையும் காய்த்தோலும் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தேன். பூமியைக் காப்பாற்ற என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பூமியும் காரணம்தான், பொய்யில்லை. ஆனால் அந்தப் பொம்பளை என் வாளியை எட்டிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் முதல் காரணம்.

நிறுத்தியதை அவளிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மூன்று நாள் வந்து காலி வாளியைப் பார்த்துவிட்டுப் போனாள். நான்காம் நாள் டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னாம்மா இது, மாட்டு வாயில போறதப் புடுங்கி மண்ணுல போட்டு வச்சிருக்கிற?”

“எரு பண்றேன்க்கா. அப்படித்தான் பண்ணணும்னு சொல்றாங்க.”

“என் மாடு தின்னா சாணி போடாதா? அது எருவு இல்லியா? ஒன் டிரம்மு மூணு மாசம் பண்றத என் மாடு ஒரே நாள்ல பண்ணிக் குடுக்கும்.”

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. “இது என் வீடு, என் குப்பை. நான் என்ன வேணா பண்ணுவேன். இனிமே கேட்டைத் தொறந்துக்கிட்டு உள்ள வராதீங்க” என்றேன்.

“ஒன் வூடுதான். நா நாத்து நட்ட கொல்லதான் இது. நா இன்னா கேட்டனா?” என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் மனை இருந்த நிலத்தை அவள்தான் குத்தகைக்குப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள் என்று என் கணவர் பிறகு சொன்னார். நிலத்துக்காரர் பிளாட் போட்டு விற்றபோது குத்தகை போனது. மிஞ்சியது அந்த ஒரு பசு. அதுவும் இப்போது எட்டு மாதச் சினை, பால் வற்றிவிட்டது. கன்று போட்டால்தான் மறுபடி பால், பால் ஊற்றினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். கிடேரிக் கன்றாகப் பிறந்தால் பின்னால் அதுவும் ஒரு கறவை ஆகும். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். அதன்பின் இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இறங்கி வரவில்லை.

“பாவம்டி அந்த அக்கா. வாயாடிதான், இல்லைன்னு சொல்லல. கழனித்தண்ணியில இன்னா இருக்குது நமக்கு?” என்றார் அவர்.

“உங்களுக்கு அவ்வளவு பாவமா இருந்தா நீங்களே ஆக்கி, நீங்களே அரிசி கழுவி, கொண்டுபோய்க் கொடுங்க” என்றேன்.

அடுத்ததாக எனக்கு என்சைம் பைத்தியம் பிடித்தது. எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை வெல்லம் கரைத்த தண்ணீரில் மூன்று மாதம் ஊறவைத்தால், தரை துடைக்க, கழிவறை கழுவ எல்லாவற்றுக்கும் ஆகுமாம். அதன்பின் கடையில் அந்த நீலத் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. ஜூஸ் கடையில் சொல்லிவைத்து ஒரு பை நிறையத் தோல் வாங்கி வந்தேன். நல்ல உருண்டை வெல்லமாக உடைத்துப் போட்டேன். ஊறவைக்க மூடியுள்ள பெரிய பாத்திரம் வேண்டும். புதிதாகப் பிளாஸ்டிக் வாளி வாங்குவதா? அது கொள்கைக்கு விரோதம். இருப்பதையே திரும்பப் பயன்படுத்து என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளை வாளிதான் சும்மா கிடக்கிறதே என்று அதிலேயே கரைத்தேன். நுரைத்துப் பொங்குவதால் மூடியை இறுக்கக் கூடாது, தினமும் திறந்து கிளற வேண்டும். அதனால் வாளியை அதன் பழைய இடத்திலேயே, குழாயடியில் வைத்தேன். மூடியை ஒப்புக்கு மேலே சாய்த்து வைத்தேன்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நிதானமாக எழுந்து எட்டு மணிக்குப் பின்பக்கம் போனேன். வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. வரக்கூடாது என்று சொன்ன பிறகும் வந்திருக்கிறாள், பத்து நாள் வேலையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவள் எதற்காக எடுத்திருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். யோசிக்கவில்லை. நேராக அவள் வாசலுக்குப் போய் நின்று, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

“கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. வயசான பொம்பளைன்னு பாக்கறேன். இல்லைன்னா நடக்கறதே வேற.”

அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. “திருடி” என்று நேராகவே சொன்னேன்.

கொட்டகைப் பக்கமிருந்து அவள் ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. முழங்கை வரை மாட்டின் எச்சில் நுரை.

“யம்மா, ஒங்க வூட்டுக்காரரு வண்டி எடுத்துனு போயி டாக்டர இட்டாரச் சொல்லும்மா. மாடு வுழுந்துடுச்சி, எழுந்திரிக்க மாட்டேங்குது.”

இவர் பனியனோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அவள் பின்னால் கொட்டகைக்குப் போனேன். பசு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடப்பக்க வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. கண் மேலே சொருகிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் இரண்டு சாத்துக்குடித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாட்டு டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “இன்னா தின்னுச்சு?” என்று கேட்டார்.

“எப்பவும் போலதான் டாக்டர். வைக்கோலு, தவுடு, கழனித்தண்ணி. நேத்து அபிஷேகப்பாக்கம் பக்கம் போயி புல்லு அறுத்தாந்து போட்டேன்.”

“வயல் வரப்புலயா? மருந்து அடிச்சிருந்தாங்களா?”

“தெரியிலயே டாக்டர்” என்று அவள் அழ ஆரம்பித்தாள். புல்லை அறுத்து வந்த தன் கையையே தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் தெருவே நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அத்தனை பேர் முன்னிலையிலும் இவளைத் திருடி என்று சொல்லியிருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் குற்றம் என் தலையில் விழும். புல்லாகக்கூட இருக்கலாமே என்று நினைத்தேன். புல்லாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

டாக்டர் பையைத் திறந்து, பூச்சிமருந்து விஷத்துக்குப் போடும் ஊசியைப் பிரித்தார். அந்த ஊசியைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“வெல்லத் தண்ணி டாக்டர். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் போட்டுப் பத்து நாளாப் புளிக்க வச்சிருந்தேன். ஒரு வாளி.”

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத நா வந்ததுமே சொல்றதுக்கு இன்னாம்மா? வாய வாடகைக்கு வுட்டிருந்தியா?” என்றார். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயை எடுத்தார். சோடா உப்பு கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். நான் ஓடினேன். குழாயை வாய் வழியாக விட்டதும் புளித்த நாற்றத்தோடு காற்று வெளியே வந்தது. நண்பகலுக்குள் பசு தலையைத் தூக்கியது. சாயந்திரம் எழுந்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் இவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். முந்தின நாள் கடைத்தெருவில் அவளைப் பார்த்தாராம். “மனசுல வச்சிக்காதீங்கக்கா, எப்பவும் போல வந்து எடுத்துக்குங்க” என்று சொன்னாராம். என்னிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்துவிட்டாராம். வாளியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. பின்பக்கம் அவர் எட்டிப் பார்த்தால்தானே தெரிவதற்கு.

மூன்றாம் நாள் பசு கன்றை வீசிவிட்டது. கிடேரிதான். உயிரில்லை. வெல்லத் தண்ணீரால்தான் இப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதை இவர் எனக்கு ஆறுதலாக வந்து சொன்னார். நானும் இரண்டு நாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பிறகு போனேன். திருடி என்று சொன்னதற்காவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கொட்டகையில் உட்கார்ந்து வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

“அக்கா, அன்னைக்கு நான் பேசினது…” என்று ஆரம்பித்தேன்.

“ஒங்க வூட்டுக்காரரு வந்து எடுத்துக்கச் சொன்னாரு. மூடியத் தெறந்தா வெல்ல வாசன” என்றாள், வைக்கோலைப் பார்த்தபடியே. “சினை மாட்டுக்கு வெல்லம் குடுப்பாங்க. அதுக்குன்னே போட்டு வச்சிருக்கிறன்னு நெனச்சிட்டேன். நல்லதுதானன்னு டாக்டர்கிட்டகூட சொல்லல. கோவக்காரியா இருந்தாலும் மனசு நல்ல மனசுன்னு, கறவ இல்லாட்டியும் பாலு ஊத்துற எடத்துக்குப் போயி எல்லார்கிட்டயும் சொன்னேன். நா சொல்லிட்டு வந்து ஒக்கார்ல, நீ வாசல்ல வந்து கத்துற.”

அந்தப் பெண்கள் என்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மறுபடி வாயைத் திறந்தேன். “போம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.