வலப்பக்கம் நின்றவர்

போன மாசியில் ஒரு காலை, உச்சிப்புளியில் நாங்கள் ஏறிய பேருந்து பாம்பன் பாலத்தின் நடுவே போகும்போதுதான் எனக்கு அது பொறி தட்டியது. வலப்பக்க ஜன்னலோரம் இருந்த என் அப்பாவுக்கு, அதாவது அய்யாவுக்கு, வெயில் அடிக்கிறதே என்று ஷட்டரை இறக்கினேன். அவர் திடுக்கிட்டார்.

"ஏலே, போயிட்டாருடா!"

போனவர், இறந்துபோன என் பெரியப்பா! வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த மறுநாளிலிருந்து, அய்யாவுக்கு வலது ஓரத்தில் கறுப்பாக யாரோ நிற்பதுபோல் தெரிந்தது. திரும்பினால் இருக்காது. அதுவும் பட்டப்பகலில்தான் அதிகம். மிளகாய்க் காட்டில் ஆளில்லாத பக்கம் பார்த்து, "உக்காருங்கண்ணே" என்பார். "பைத்தியம்னு சொல்லிருவாக" என்று டாக்டரிடமும் மூச்சு விடவில்லை.

அம்மா ஏர்வாடி தர்காவுக்குப் போகலாம் என்றார். கடைசியில் ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் என்று முடிவானது. இடது கண்ணிலோ புரை முற்றி, வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகத் தெரிந்தது. அதில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அய்யா ஒரே பிடிவாதம்.

ஷட்டரை ஏற்றினேன்.

"வந்துட்டாரு."

இறக்கினேன்.

"போயிட்டாரு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்யா, அவுக கோவக்காரரு!"

வெயிலை மறைத்தால் போகிறவர் பெரியப்பா இல்லை, லென்ஸில்தான் ஏதோ இருக்கிறது என்று பட்டது. ஆபரேஷனுக்கு முன் லென்ஸ் வகைகளை வீடியோ வீடியோவாக அலசியவன் நான். தூரமும் கிட்டமும் காட்டும் லென்ஸில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்; அய்யா இருட்டில் பைக் ஓட்டுகிறவர், அதனால் தூரத்துக்கு மட்டுமானதே போதும் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். லென்ஸின் விளிம்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தர்ப்பணம் முடிந்ததும் டாக்டரிடம் போனோம். பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸின் விளிம்பால் சிலருக்கு இப்படி ஒரு நிழல் தெரியும், பலருக்கு நாளடைவில் மங்கிவிடும் என்றார். பட்டையான ஃபிரேம் போட்ட கண்ணாடி கொடுத்தார். நிழல் பாதி குறைந்தது.

"அங்கனயும் ஒருத்தரு வந்து நிக்க மாட்டாருல்ல?" என்று இடது கண்ணைத் தொட்டுக் கேட்டார் அய்யா. வேறு விளிம்புள்ள லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அய்யா சரி என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் பயம் போய்விடாது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அதனால் கட்டுப் பிரிக்கும்போது அவருக்கு இடப்பக்கம் நான் நிற்கப் போகிறேன், ஓரத்தில் யாராவது தெரிந்தால் அது நானாக இருக்கட்டும்.