கார் ஸ்டாண்டில் எங்கள் இடம்

நாலு மாதம் கழித்து எங்கள் கார் ஸ்டாண்டுக்குப் போன அன்று, எங்கள் இடத்தில் வேறொரு கார் நின்றுகொண்டிருந்தது. பார்த்ததும் என் வாயில் முதலில் வந்தது "மாதாவே!" அடுத்து வந்ததை இங்கே எழுத முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்குக் காரைவிட அது நிற்கிற இடம்தான் பெரிது. எங்கள் ஸ்டாண்டில் இரண்டு வாகை மரங்கள். அவற்றின் நிழலில் எட்டு கார்தான் நிற்க முடியும். பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு ஊர் வந்திருக்கும் ஆச்சிமார், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், எல்லாரும் நேரே மரத்தடிக்குத்தான் வருவார்கள். அந்த எட்டும் போன பிறகுதான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், மதிலோரம் வெயிலில் நிற்கிற கார்களுக்குச் சவாரி. அந்தப் பக்கம் நிற்பவர்கள் காத்திருப்பு வரிசைக்காரர்கள். மரத்தடியில் ஓர் இடம் காலியானால், வரிசையில் முதலில் இருப்பவர் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார். என் வீட்டுக்காரர் அப்படி மூன்று வருஷம் வெயிலில் காய்ந்து, அதற்கப்புறம்தான் நிழலுக்கு வந்தார்.

மரத்தடிக்காரர்கள் சவாரிக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ போகும்போது தங்கள் இடத்தில் ஒரு பழைய டயரைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள். வெளியூர்க்காரன் எவனாவது தெரியாமல் வண்டியைச் சொருகினால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து போடும் சத்தத்தில் அவன் சாவியைத் தேடிக்கொண்டு ஓடுவான்.

கோவிலூர்ப் பக்கம் ஒருநாள் ஜாக்கி சரிந்து கார் என் வீட்டுக்காரர் மேல் இறங்கியது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்த வழியாக வந்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் மானகிரிக்காரன் ஒருவன். வரிசையில் முதலில் நின்றவன் அவன். "மதினி, கவலப்படாதீக. அண்ணன் எடத்துல டயரு அப்படியே கெடக்கு, பாத்துட்டுத்தான் வந்தேன்" என்று கோட்டையூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னான். அவனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எலும்பு கூடி அவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க நாலு மாதம் ஆனது. முதல் நாள் என்பதால் பயந்து நானும் கூடப் போனேன். முந்தின நாளிலிருந்தே மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. வலி என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மடச்சி.

எங்கள் இடத்தில் நின்றது மானகிரிக்காரன் கார்.

"என்னய்யா இது? கால் ஒடஞ்சவன் எடத்துல வந்து காரை நிறுத்திருக்கியே, ஒனக்கே அடுக்குமா?" கதவைத் திறந்த வேகத்தில் கத்த ஆரம்பித்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு வெளியே வந்துவிட்டார்கள். "அன்னைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனது இதுக்குத்தானா? ஆள் தேறுவானா மாட்டானான்னு பாத்துட்டு வந்தியாக்கும்!"

அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. "மதினி, அப்படிச் சொல்லாதீக" என்றான். காரிலிருந்து என் வீட்டுக்காரர், "வேணாம், வா. பேசாம வண்டியில ஏறு" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. வாயில்லாப் பூச்சியைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு!

ஸ்டாண்டின் செயலாளர் எழுந்து வந்தார். சத்தம் போடாத மனிதர். "தங்கச்சி, அவன் மேல தப்பில்ல. மூணு மாசம் கார் வராட்டி எடம் வரிசையில மொதல்ல நிக்கிறவுகளுக்குப் போயிரும். அது சட்டம். ஒங்களுக்காக இருவது நாளு கூடவே பொறுத்தோம்."

"எந்த நாசமாப் போனவன் போட்ட சட்டம்ணே அது? நோவுல கெடக்குறவன் எடத்தைப் பிடுங்கச் சொல்லி?"

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டு நோட்டைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் கையெழுத்து. மளிகைச் சீட்டில்கூட முத்து முத்தாக எழுதுகிற அதே கை.

"நிழல் சும்மா கிடக்க மனிதன் வெயிலில் காய்வது நியாயம் இல்லை. ஆகவே மூன்று மாதம் கார் வராத இடம், வரிசையில் முதலில் இருப்பவருக்குச் சேரும்."

கையெழுத்துதான் அவருடையது. வார்த்தை என்னுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் எதிர்ப்பக்கம் முதல் ஆளாக நின்ற காலம். மரத்தடிக்காரர் ஒருவர் காமாலையில் படுத்துவிட்டார். அவர் டயர் மட்டும் இரண்டு மாதமாக நிழலில் கிடந்தது. என் வீட்டுக்காரர் தினமும் முகம் கறுத்துத் திரும்பி வருவார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே நான் வெடித்தேன். "நெழலு சும்மா கெடக்கு, மனுசன் வெயில்ல காயிறான். இது என்ன நியாயம்? ஒரு கணக்கு வேணாமா? மூணு மாசம் பாருங்க, வராட்டி அடுத்த ஆளுக்கு விடுங்கன்னு கூட்டத்துல கேளுங்க. ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" அடுத்த மாதமே அவர் மரத்தடிக்குப் போய்விட்டார். எப்படி என்று கேட்டதற்கு, "அந்த அண்ணனே விட்டுக் குடுத்துட்டாக" என்றார். நம்பினேன். பாயசம் வைத்தேன். அந்த அண்ணன் என்ன ஆனார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நோட்டை வைத்துக்கொண்டு காரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மானகிரிக்காரனிடம் போய், "மன்னிச்சுக்கப்பா. நான் பேசுனது தப்பு" என்றேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. "காரை எடுத்துரவா மதினி?" என்று வேறு கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "பேரை வரிசையில எழுதிக்கிறேன் தங்கச்சி. கடைசியிலதான் எழுதணும். அஞ்சாவது."

மரத்தடியில் சாதாரணமாக யாரும் இடத்தை விடமாட்டார்கள். அஞ்சாவது என்றால் இந்தக் காரின் ஆயுசுக்குள் நிழல் வருமா என்பதே சந்தேகம். காருக்கும் கடன் இருந்தது, வீட்டில் இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நாலாவது பேர் கண்ணில் பட்டது.

"அண்ணே, இவுக... காமாலை வந்த அண்ணனா?"

"ஆமா தங்கச்சி. ஒடம்பு தேறி வந்து ஒன்றரை வருசம் ஆச்சு. சட்டம் சட்டம்தானே. கடைசியிலேருந்து நிக்கிறாக."

எதிர்ப்பக்கம் பார்த்தேன். மதிலோரம் நாலாவது கார். பானெட்டில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, தலையில் துண்டோடு ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். கால் ஒடிகிற வரைக்கும், ஒரு வருஷத்துக்கு மேல், என் வீட்டுக்காரர் அந்த முகத்துக்கு எதிரே நிழலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை விடவில்லை. சேசுவே, இப்படியும் ஒரு மனுஷனுக்கு நெஞ்சழுத்தம் இருக்குமா!

காரைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனோம். காமாலை வந்த அண்ணனே கையைக் காட்டினார். "இங்குட்டு வாங்க தம்பி, இங்குட்டு. மூணு மணிக்கு மேல இந்த மூலையில கொஞ்சம் மதில் நெழலு விழும்." சொல்லிக்கொண்டே தன் காரை எடுத்து, வெயில் பக்கமாக நகர்த்திவிட்டு எங்களுக்கு இடம் விட்டார்.

பிறகு இறங்கி வந்து, என் வீட்டுக்காரர் இருந்த பக்கத்துக் கண்ணாடியருகே குனிந்தார். "எலும்பு நல்லாக் கூடிருச்சா? அவசரப்படாதீக தம்பி. மூணு மாசத்துக்குள்ள வந்துரணும்னு நான் பாதிக் காமாலையோட எந்திரிச்சுக் கெளம்பி, வழியிலேயே விழுந்துட்டேன். அதுல திரும்பப் படுத்ததுதான் ஆறு மாசம்."

குறையாகச் சொல்லவில்லை, புத்தி சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இறங்கி அந்த அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தச் சட்டம் இவுக யோசனை இல்ல. இவுகளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் தாயி. கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே ஒங்க வீட்டுக்காரரு வந்து என் கட்டில்கிட்ட ஒக்காந்து அழுதாக. 'வீட்டுல அவ சொல்லிட்டாண்ணே, நான் என்ன செய்ய'ன்னாக. ரெண்டு வருசமா இங்க எல்லாருக்கும் தெரியுமே."