எந்தக் காகிதத்திலும் இல்லாத ஐந்து நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், உலக யுத்தம் இன்னும் முடியாதிருந்த காலத்தில், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு அரசாங்க மருந்துச்சாலையில் நடந்தது இது. எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். ஆகவே முதலில் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதிவிடுகிறேன்.

1. மாதக் கடைசியில் இருமல் மருந்து குறைந்தது.
2. குறைந்த மருந்தில் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தோம்.
3. மாத அறிக்கையில் ‘தட்டுப்பாடு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டது.
4. அந்த அறிக்கையை நம்பிச் சுகாதார மந்திரி சட்டசபையில் பதில் சொன்னார்.
5. அந்தப் பதிலால், உண்மையைச் சொன்ன ஒரு பெண் பொய்காரியானாள்.

இவற்றுள் மூன்றாவது என் கையெழுத்தில் இருந்தது.

மருந்து கலக்கும் பரீட்சையில் தேறி, அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளவத்தையில் அண்ணா வீட்டிலிருந்து ரயிலில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து ட்ராம் பிடித்து, மிச்சத் தூரம் நடந்து, எட்டு மணிக்கு முன் மருந்து கொடுக்கும் ஜன்னலைத் திறந்துவிடுவேன். எனக்கு மேலே இருந்தவர் அப்போதிக்கரி ஐயா. டாக்டர் இல்லாத இடத்தில் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிறவர். எழுதுவது அவர், அளந்து ஊற்றுவது நான்.

மருந்துக்கு வருகிறவர்கள் போத்தல் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். சோடாப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், சாராயப் போத்தல் என்று எல்லாம் வரும். யுத்தகாலத்தில் நல்ல போத்தல் ஒன்று வைத்திருப்பதே பெரிய காரியம். இருமல் மருந்து மாதத் தொடக்கத்தில் பால் விடாத வெறுந்தேயிலை நிறத்தில் இருக்கும். மாதக் கடைசியில் கோப்பை கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். காரணம் எளிது. களஞ்சியத்திலிருந்து அளவாகத்தான் வரும், அதுவும் முதலாம் திகதிதான் வரும். தண்ணீர் சேர்ப்பது சரியா என்று ஒருநாள் கேட்டேன்.

“சேர்க்காட்டில் பாதிச் சனம் வெறும் போத்தலோட போகும், பிள்ளை. கொஞ்சமாவது எல்லாருக்கும் கிடைக்கட்டும்” என்றார் அப்போதிக்கரி ஐயா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

வரிசையில் வழக்கமாக நிற்கும் ஒரு தாய் இருந்தாள். கணவன் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். அவளுடைய ஐந்து வயதுப் பெண்குழந்தைக்குத் தொய்வு. பனிக்காற்று அடித்தாலே மூச்சு இழுக்கும். செவ்வாய்க்கிழமை தவறாமல் மருந்துக்கு வருவாள். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இன்னைக்குத் தேதி இருபத்தெட்டா, மிஸ்ஸி? கலண்டர் பாக்கத் தேவையில்ல, மருந்தப் பாத்தாலே தெரியுது” என்பாள். வரிசை முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு மாதம் அவள் சிரிக்கவில்லை. முதல் வாரத்து மருந்தில் கொஞ்சத்தை ஒரு போத்தலிலும், கடைசி வாரத்து மருந்தை இன்னொரு போத்தலிலும் வைத்துக்கொண்டு, சட்டசபை அங்கத்தவர் ஒருவரின் வீட்டுப் படியேறிவிட்டாள். அவர் சபையில் கேள்வி கேட்டார். சுகாதார மந்திரி எழுந்து, குறித்த மருந்துச்சாலையின் மாத அறிக்கைகளைப் பார்த்ததாகவும், எந்த மாதத்திலும் தட்டுப்பாடு இல்லை என்றும், முறைப்பாடு ஆதாரமற்றது என்றும் பதில் சொன்னார். பத்திரிகையில் நான்கு வரிச் செய்தியாக வந்தது.

படித்ததும் அறிக்கைப் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ‘இல்லை’. நான் பொய் எழுதவில்லை. அறிக்கை இருபத்தைந்தாம் திகதி போக வேண்டும். அன்றைக்கு மருந்து இருக்கும். குறைவது அதற்குப் பிறகு. முதலாம் திகதி புது மருந்து வந்துவிடும். அடுத்த இருபத்தைந்தில் மறுபடியும் ‘இல்லை’. நடுவிலுள்ள ஐந்து நாட்கள், முப்பத்தொரு நாள் மாதமானால் ஆறு, எந்தக் காகிதத்திலும் இல்லை. என் பட்டியல்களில் பிழையே இராது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். பிழை இல்லாமலே ஒரு பட்டியல் பொய்யாகலாம் என்று அன்றுதான் கண்டேன்.

அடுத்த செவ்வாய் அவள் வந்தபோது வரிசையில் இருந்த மீன்காரி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். “மந்திரியோட கேஸ் பேசுற நோனா வர்றா, தள்ளி நில்லுங்கடி. போத்தல்ல தண்ணி ஊத்திக் கொண்டுபோய்க் காட்டினவ.”

அவள் மருந்து வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள். அதற்கடுத்த செவ்வாய் வரவேயில்லை. மழை தொடங்கியிருந்தது. என் குறிப்புப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே இரண்டு வெற்றுக் கட்டங்கள் விழுந்தன. அந்தக் குழந்தை இரண்டு வாரமாக மருந்தில்லாமல் இருக்கிறது, அதற்கு என் ‘இல்லை’ காரணம் என்ற நினைப்பு வேலையில் கையை ஓடவிடவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், பொதுவாக ஒரு குழாய். குழந்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நெஞ்சு விசில் ஊதியது. அவள் எனக்கு இருக்கப் பலகை போட்டாள். அறிக்கை, திகதி, கட்டம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லா வெளங்கிச்சு மிஸ்ஸி. எல்லாம் எழுதுறீங்க. நாங்க குடிச்ச தண்ணிய எந்தக் கட்டத்துல எழுதினீங்க?”

இந்த மாதம் ஒரு துளி தண்ணீரும் சேராது, குழந்தையைக் கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். “பாப்பம்” என்றாள்.

அன்று மாலையே மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். அறிக்கை போகும் திகதி, மருந்து முடியும் திகதி, புது மருந்து வரும் திகதி, தண்ணீர் சேர்த்த அளவு. கடைசியில், முறைப்பாடு உண்மை, அறிக்கை என்னுடையது என்று இரண்டு வரி. அண்ணா வாசித்துவிட்டு, “அரசாங்க உத்தியோகம். கையெழுத்து வைக்க முன்னம் ஒருக்கா யோசி” என்றார். யோசித்தேன். கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் அப்போதிக்கரி ஐயாவிடம் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அனுப்ப மனமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“தண்ணி விடச் சொன்னது நான். அதை ஏன் எழுதேல்லை?”

“ஊற்றினது நான்தானே, ஐயா.”

“என்ர பேரையும் எழுதும். அதோட இது மேலதிகாரி மூலமாப் போக வேணும், அதுதான் முறை.”

“முறைப்படி போனால் எப்ப போய்ச் சேரும்?”

கொஞ்சம் யோசித்தார். “யுத்தம் முடியிறதுக்குள்ள சேரும்.”

ஒரு பிரதியை முறைப்படியும், ஒன்றை நேரே மந்திரிக்கும் அனுப்பினோம். இரண்டிலும் இரண்டு கையெழுத்து.

அந்த மாதம் தண்ணீர் சேர்க்கவில்லை. தொய்வுக்காரருக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒரு ஜாடியைப் புறம்பாக எடுத்து வைத்தேன். இருபத்தெட்டாம் திகதி காலை பத்து மணிக்கு மற்ற ஜாடி காலியாகிவிட்டது. ஜன்னலுக்கு முன்னே வெறும் போத்தல்களுடன் முப்பது பேர். மருந்து இல்லை என்று நான் சொன்னதும், “இல்லாட்டி தண்ணியாவது ஊத்தித் தாங்க மிஸ்ஸி, பழகிப்போச்சு” என்றாள் மீன்காரி.

அந்தத் தாய் அன்று வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை, பையில் மூன்று போத்தல்கள். ஒன்று மருந்து வாங்க. மற்ற இரண்டும் அவளுடைய ஆதாரங்கள். அவற்றை எங்கே போனாலும் கொண்டு திரிந்தாள்.

அவளுக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் ஒரு சிங்களப் பெரியவர் வந்து நின்றார். கூட, கையில் காகிதக் கோவையுடன் ஒருவர். அவள் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில், “ஐயாவுக்கும் இருமலா? போத்தல் எங்க? போத்தல் கொண்டராட்டி இங்க ஒண்ணும் கிடைக்காது” என்றாள். மெய்தான், போத்தல் கொண்டுவரவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். பிறகு ஜன்னலுக்கு வந்து, என் கடிதத்தை நீட்டி, இதை எழுதியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பத்திரிகையில் பார்த்த முகம் அது. என் கையில் இருந்த அளவுக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தேன்.

உள்ளே வந்து ஜாடிகளைத் திறந்து பார்த்தார். அறிக்கைப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ‘இல்லை’ என்பது பொய்யா என்று கேட்டார். எழுதிய நாளில் உண்மை, மூன்று நாள் கழித்து உண்மையில்லை என்றேன். அப்படியானால் அந்த நாட்களுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். நான் என்று அப்போதிக்கரி ஐயாவும், நான் என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“நீங்கள் இரண்டு பேரும் சபையில் எழுந்து நிற்கவில்லை. எழுந்து நின்று அந்தப் பெண்ணை நம்ப முடியாது என்று சொன்னவன் நான்.”

வெளியே வந்து அவளிடம் போத்தல்களைக் கேட்டார். அதற்குள் யாரோ அவளுக்கு ஆள் யார் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பதறவில்லை. இரண்டு போத்தலையும் நீட்டி, “நான் பொய்காரி இல்ல, ஐயா. பாத்துட்டுப் போத்தலத் திருப்பித் தந்துடணும்” என்றாள். தருவதாகச் சொல்லி அவற்றைக் காரில் கொண்டுபோனார். அவள் குழந்தைக்கு அன்று வெறுந்தேயிலை நிறத்தில் மருந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திகதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மந்திரி சபையில் எழுந்து, தாம் முன்பு சொன்ன பதில் பிழையானது, முறைப்பாடு செய்த பெண் சொன்னது முழுவதும் உண்மை, தம் இலாகாவில் நடந்த பிழை தம்முடைய பிழை என்று சொன்னார். மேசையில் இரண்டு போத்தல்களை வைத்துக் காட்டினாராம். எங்கள் பெயரை எடுக்கவில்லை. பத்திரிகையை ஜன்னலில் நின்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “இன்னொருக்கா வாசிங்க மிஸ்ஸி, கொஞ்சம் சத்தமா. பின்னால நிக்கிறவங்களுக்குக் காது மந்தம்” என்றாள். மீன்காரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே முன்னால் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

இன்றைய நிலைமை இது. அறிக்கை இப்போது மாதத்தின் கடைசி நாள்தான் போகிறது. எந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்று எழுத ஒரு புதுக் கட்டம் இருக்கிறது. மருந்து வரும் அளவும் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் போதவில்லை. முடிந்தால் முடிந்தது என்று சொல்லி, கடுமையான நோயாளிகளைத் துண்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. மழை நாளில் மூச்சு இழுக்கத்தான் செய்கிறது. போத்தல்கள் இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவள் செவ்வாய்தோறும் என்னிடம் விசாரிக்கிறாள்.

ஒரு மந்திரி நாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லும் சொல், எங்கோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தி ஒரு சின்னக் கட்டத்தில் எழுதும் சொல்தான் என்பதை நான் மறப்பதில்லை. இந்த மாத அறிக்கையை இன்று அனுப்பினேன். இருமல் மருந்து மூன்று நாள் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.