ஹலோ பின்லாந்து, மந்தைவெளி பேசுகிறோம்

கம்ப்யூட்டர் வாத்தியாருக்குப் பாதி ஆயுசு "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவதிலேயே போய்விடும். ஆன்லைன் மீட்டிங்கில் தொண்டை வற்றியவர்களுக்கு என் அவஸ்தை புரியும். மந்தைவெளியில் இருக்கும் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பையும் பின்லாந்தில் ஒரு வகுப்பையும் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெல்ட் தரிசனம்

பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கணும், உட்காரச் சொன்னால்தான் உட்காரணும் என்பது எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் போட்ட சட்டம். நானோ, உட்கார்ந்தால் முகம் தெரியும்படி கேமராவை வைத்திருந்தேன். பின்லாந்து டீச்சர் திரையில் வந்தாரோ இல்லையோ, மொத்த வகுப்பும் எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்று ராகம் போட்டது. நமக்கு மத்தியானம், அங்கே காலை; அது மட்டும் சரியாக அமைந்தது. உட்காரும்படி அவர் சொன்னது இந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அவர் பொறுமையாகச் சொன்னார்: "பெல்ட் எல்லாம் ரொம்ப அழகு. முகம் பார்க்கலாமா?"

நெட் போச்சு

அடுத்த வாரம் கேள்வி கேட்பது எங்கள் எட்டாம் வகுப்பு தேவியின் முறை. அடையாற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு, குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டது. பஸ் மாறி மாறி வருகிறாள். வரும் ஜூனில் அங்கேயே பள்ளி மாற்றப் போகிறார்கள். புது இடத்தில் ஃப்ரெண்டு கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வந்து கேட்டாள். அந்தப் பக்கம் ஒருத்தரும் அசையவில்லை. நம் ஊரில் கேள்வி முடிவதற்குள் நாலு பேர் பதில் சொல்லிவிடுவோம், இல்லையா? நெட்தான் போச்சு என்று இணைப்பை வெட்டி மறுபடி போட்டேன். மறுபடியும் அசையவில்லை, மறுபடியும் வெட்டினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. பின்னால் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார்: "அடுத்த வாரமும் இப்படின்னா, இந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுங்க சார்."

கண் சிமிட்டியது

அடுத்த வாரமும் தேவி அதையே கேட்டாள். அங்கே அதே மயான அமைதி. என் கை தானாக மவுஸுக்குப் போனது. "கட் பண்ணாதீங்க சார், அவங்க கண்ணு சிமிட்டுது. யோசிச்சிகினு கீறாங்க" என்றாள் தேவி. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு பையன் மெதுவாக எழுந்தான். அவன் குடும்பம் வேறு நாட்டிலிருந்து அங்கே வந்ததாம். தனக்கு ஃப்ரெண்டு கிடைக்க ஒரு முழுக் குளிர்காலம் ஆனது, அப்புறம்தான் இவன் கிடைத்தான் என்று பக்கத்துப் பையனின் தோளில் கை போட்டான். ஹெட்மிஸ்ட்ரஸ் கணக்குப் பேச்சையே எடுக்கவில்லை. வயரைச் சுருட்டும்போது தேவி வந்து கேட்டாள்: "நம்மூர்ல குளிர்காலமே கெடையாதே சார், அப்போ எனக்குச் சீக்கிரம் கெடச்சிடும்ல?"

இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்ததில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே வித்தை, எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதுதான்.