வியாபாரிகள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை

என் மகளுக்குச் சென்னையில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்த வருடம், எங்கள் ஊர் கம்பத்தில் என்னைக் கண்டதும் வேறு தெருவில் புகுந்து போனவர்கள் உண்டு. அவ்வளவு பேசியிருக்கிறேன். ரேஷன் கடையில் "பாமாயில் வந்திருச்சாக்கா?" என்று யாராவது கேட்டால், "யாரு கண்டா? மக மெட்ராசுக்குப் போறால்ல, அந்த ஜோலியில நான் எதையும் கவனிக்கல" என்று ஆரம்பித்துவிடுவேன். கண் பட்டுவிடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். பட்டால் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

எட்டாவது படிக்கும்போதே அந்தக் கல்லூரியின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தவள் அவள். நான் சேலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டடம் எதிரே நிற்கும். நான் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். படிப்பு வராமல் இல்லை, அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். அதனால் அவளுக்குக் கிடைத்த இடத்தில் பாதி என்னுடையது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஊருக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. வேறு ஊர்களில் கொடி வருடத்துக்கு ஒரு தடவைதான் காய்க்குமாம். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு ஓய்வே கிடையாது. கிளையைக் கழித்துக் கவாத்து செய்தால் நாலு மாதத்தில் பழம், அதை வெட்டி முடித்துக் கொஞ்ச நாளில் மறுபடியும் கவாத்து. ஆனாலும் நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருப்போம்: வெட்டு முடியட்டும். பல்வலிக்கும் அதுதான், மருமகள் வளைகாப்புக்கும் அதுதான். மகளை விடுதியில் சேர்க்க அவள் அப்பா மட்டும் போனார். பஸ் கிளம்பும்போது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெட்டு முடிஞ்சதும் வாரேன் ஆத்தா" என்றேன். அவளும் தோட்டக்காரி மகள்தானே, சரியென்று தலையாட்டினாள்.

அவள் போன மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் வியாபாரி இரண்டு ஆட்களோடு பழம் பார்க்க வந்திருந்தார். தோட்டத்தைச் சுற்றிவிட்டு, ஒரு குலையிலிருந்து பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்து, மறுநாளே வெட்டிவிடலாம் என்று முடிவாகி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காபியைக் கொடுத்துவிட்டு மகள் புராணத்தை எடுத்துவிட்டேன். பாதியில் போன் அடித்தது. அப்போது எங்கள் வீட்டில் செல்போன் கிடையாது. கூடத்தில், அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அருகிலேயே போன்.

"இந்தா, அவளாத்தான் இருக்கும்," என்று பெருமையாக எடுத்தேன்.

எடுத்ததுமே அழுகை. "அம்மா, என்னால இங்கன இருக்க முடியலம்மா. யாரும் என்கூடப் பேச மாட்டேங்குறாக. நான் பேசுனாச் சிரிக்கிறாக. நான் வந்துர்றேம்மா. இல்லாட்டி நீயாச்சும் ஒருநா வாம்மா."

மூன்று பேரும் கையில் டம்ளரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியா! ரொம்பச் சந்தோசம்த்தா!" என்றேன் சத்தமாக. "பெரிய பெரிய டாக்டருகள்லாம் வந்து பாடம் நடத்துறாகளாக்கும்? சாப்பாடும் நல்லாப் போடுறாகளா? நல்லாப் படி, நல்லாப் படி."

அந்தப் பக்கம் அழுகை நின்றுபோனது. வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறாள் என்று தெரிந்தது.

"ஆமாம்மா. எல்லாம் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"கொடுத்து வச்சவுகம்மா நீங்க," என்றார் வியாபாரி. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர்கள் போனதும் விடுதி எண்ணுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். என்னைக் கட்டிப்போட்டது யார்? விடிந்தால் வெட்டு. பன்னீர்ப் பழம் ஒரு மழைக்குத் தாங்காது, வெடித்துவிடும். வெட்டு முடிந்தால் மழை, மழை விட்டால் கவாத்து, கவாத்து முடிந்தால் மருந்தடிப்பு. அவளும் பிறகு போனில் அழவில்லை. அப்படியானால் சரியாகிவிட்டது என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தது மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில். கல்லூரி முழுக்கச் சுற்றிக் காட்டினாள். வெள்ளைக் கோட்டில் அவளைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் பேசும்போது அவள் பேச்சில் எங்கள் ஊரே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து நான் கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். "அன்னைக்குப் போன்ல..." என்று தொடங்கினேன். "அதெல்லாம் பழகிருச்சும்மா," என்று சொல்லி, வெயிலில் நான் கறுத்துப்போனதாகப் பேச்சை மாற்றினாள். எப்படிப் பழகியது, அந்த மூன்று மாதமும் யாரிடம் அழுதாள், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை.

இப்போது அவள் டாக்டர். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என் கையிலும் செல்போன் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். மாத்திரை போட்டேனா, மூட்டு எப்படியிருக்கிறது என்று எல்லாம் விசாரிப்பாள். தன்னைப் பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தைதான்: நல்லா இருக்கேன். ஊரில் என் பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழைய அழுகை ஒருதரம். அம்மா, நான் வந்துர்றேன் என்று அவள் இன்னொரு தரம் சொன்னால், பழம் கொடியிலேயே அழுகட்டும் என்று விட்டுவிட்டு ஓடுவேன்.

போன வாரம் அவள் குரல் கம்மியிருந்தது. சளியா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆத்தா, இங்கன யாருமே இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன். என்னன்னு சொல்லு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூச்சு மட்டும் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்," என்றாள். "நீ சாப்பிட்டியா?"