தள்ளுபடி

சினிமாவில் அவர் சம்பாதித்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: ஜட்ஜய்யா. கறுப்பு அங்கியும் மரச்சுத்தியலும் சொந்தமாக வைத்திருந்தார். கம்பெனிக்கு வாடகை மிச்சம், அவருக்கு வேடம் நிச்சயம். சரித்திரப் படமென்றால் அதே குரலில் மன்னராகித் தலையை வாங்கச் சொல்வார். சமூகப் படமென்றால், "இந்த வழக்கைத் தள்ளுபடி செய்து இவரை விடுதலை செய்கிறேன்" என்று சுத்தியலைத் தட்டுவார். கொட்டகையில் விசில் பறக்கும்.

சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடத் தொட்டதில்லை மனிதர். ஆனாலும் மாடிப்படிச் சண்டை முதல் பாகப்பிரிவினை வரை தெரு அவரிடம்தான் வந்தது. அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். விடிந்த பிறகும் கிரீடத்தைக் கழற்றாத கூத்து ராஜா!

அந்த அங்கிக்குக் கையைக் குட்டையாக்கித் தந்தவள், அவர் குடியிருந்த மாடிக்கு ஏறும் படிக்குக் கீழே கடை வைத்திருந்த தையல்காரம்மா. கட்டிடத்தின் சொந்தக்காரர் கடையைக் காலி பண்ணச் சொல்ல, அதைத் தடுக்க அவள் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தாள். ஒருநாள் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, வக்கீல் குமாஸ்தா போன் பண்ணான். தள்ளுபடி ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். துணிக்கடையில தள்ளுபடின்னா நல்லது. கோர்ட்டுல?"

"கோர்ட்டுலயும் அப்படித்தாம்மா! தள்ளுபடி பண்ணி நான் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்! ஜெயிச்சுட்ட, போ. நிம்மதியா தை."

தள்ளுபடியானது அவளுடைய மனுவேதான். எதைத் தள்ளுபடி பண்ணினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாவி மனுஷன்! அப்பீல் செய்யக் கெடுவாக இருந்த ஒரு மாதமும் அவள் நிம்மதியாகத் தைத்தாள். பிறகு கோர்ட் ஆள் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். தையல் மெஷின் உள்ளே, அவள் வெளியே.

தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இப்போதும் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள் என்றார் வக்கீல்.

"காய்ச்சல்ல கெடந்தேன்னு சொல்லிடுறேண்ணே. உங்களை இதுல இழுக்க மாட்டேன். தெருவே உங்களை நம்புது" என்றாள் அவள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பூட்டைப் பார்க்கக் கூசி, பின்பக்கப் படியில் இறங்கிப் போனார். தன் வாய்க்கொழுப்புக்கு அவள் கடையையும் இழந்து, பொய்யும் சொல்ல வேண்டுமா? மறுநாள் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

விசாரணையன்று சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஜட்ஜய்யாதான். எந்தப் பக்கம் ஏறுவதென்றே தெரியவில்லை. இத்தனை காலம் எதிரே அல்லவா உட்கார்ந்திருந்தார்! நிஜ நீதிபதி ஓர் ஒல்லியான அம்மாள். மேசையில் சுத்தியலே இல்லை.

"நான்தாம்மா தப்பா சொன்னது..."

"சத்தமா பேசுங்க. காதுல விழல."

கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது.

"தள்ளுபடின்னா ஜெயிச்சாச்சுன்னு நான்தான் சொன்னேன். எனக்குச் சட்டம் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

பின்வரிசையில் தெருக்காரர்கள் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குனிந்து எழுதிவிட்டு, "தாமதம் மன்னிக்கப்படுகிறது" என்றார். மன்னித்தது தாமதத்தைத்தான், தன்னையல்ல என்பது இந்த முறை அவருக்கு நன்றாகவே புரிந்தது.

வெளியே வந்ததும் தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மன்னிச்சுட்டாங்கன்னா? கடை கிடைச்சிருச்சா?"

ஜட்ஜய்யா வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"வக்கீலையே கேளும்மா" என்றார்.